ஆல்பம் கடைக் கணினியும் டி டிரைவில் கிடந்த பேஜ்ஃபைலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை ஒன்றின் கணினியைப் பற்றியது இது. தென்மாவட்ட நகரம், கடைப் பெயர் தேவையில்லை. அங்கிருந்த மூன்று கணினிகளில் ஒன்று மட்டும் காலையில் ஓரளவு ஓடும், பிற்பகலானால் படுத்துவிடும். அதில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தம்பி சொன்னது இதுதான்: "அண்ணே, ஒரு லேயரை நகத்திவிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்துரலாம். திரும்பி வந்து பாத்தா அப்பதான் நகந்து முடிஞ்சிருக்கும்."

கணினி பழையதுதான், ஆனால் கெட்டதில்லை. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ராம், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். நம் ஊரில் அசெம்பிள் செய்த கணினி எதைத் திறந்தாலும் இந்தப் பிரிவினை இருக்கும். சி-யில் விண்டோஸும் ஃபோட்டோஷாப்பும், டி-யில் கடைக் கணக்கும் பழைய வேலைகளும், இ-யில் படங்கள்.

யாரோ ஒருவர் "வேகம் கூடும்" என்று சொல்லி மெய்நிகர் நினைவகக் கோப்பை, அதாவது ராமில் அடங்காததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும் பேஜ்ஃபைலை, சி-யிலிருந்து எடுத்து டி-யில் போட்டிருந்தார். அளவு 6,144 எம்பி. ராமைப் போல ஒன்றரை மடங்கு என்ற பழைய கணக்கு. சி டிரைவுக்கு நேரே "நோ பேஜிங் ஃபைல்" என்று இருந்தது. இந்த மாற்றம் வேகத்தைக் கூட்டியதா, குறைத்ததா? கோப்பு உண்மையில் எங்கே இருக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கணினியிலேயே விடை தேடினோம்.

வேலையின் கனம்

ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே தாளாக வடிவமைப்பார்கள். 12-க்கு 36 அங்குலம், 300 டிபிஐ. கணக்குப் போட்டால் 3,600 பெருக்கல் 10,800, ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு முழு அளவு லேயர் 111 எம்பி பிடிக்கும். பின்னணிப் படம், மாப்பிள்ளை பெண் படம், அதன் மேல் நிழல், பூ வேலைப்பாடு என்று பத்து லேயர் போட்டாலே 1 ஜிபியைத் தாண்டிவிடும். செய்ததைத் திரும்பப் பெற ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் பழைய நிலைகள் வேறு. பக்கத்திலேயே கோரல்டிரா திறந்திருக்கும், குரோமில் வாட்ஸ்ஆப் வெப் ஓடும். வாடிக்கையாளர்கள் படம் அனுப்புவதே அதில்தான். ஆக 4 ஜிபி ராமுக்குள் இவ்வளவும் அடங்காது. அடங்காதது எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதில்தான் இந்தக் கணினியின் சிக்கல் இருந்தது.

டாஸ்க் மேனேஜர் காட்டாததை ரிசோர்ஸ் மானிட்டர் காட்டியது

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், சிபியு 15-ஐக்கூடத் தொடவில்லை. கணினி யோசிக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்தது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரைத் திறக்க வேண்டும். அதன் மெமரி பகுதியில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" என்று ஒரு நெடுவரிசை உண்டு. ஒரு நிரல் கேட்ட நினைவகப் பக்கம் ராமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுத்துவர நேரும்போதெல்லாம் அந்த எண் ஏறும். தம்பி லேயரை நகர்த்தியதும் அது நூற்றுக்கணக்கில் ஏறி நின்றது.

பலரும் இங்கே நிறுத்திவிட்டு, "ஹார்ட் ஃபால்ட் ஏறுகிறது, பேஜ்ஃபைலை மாற்று" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அவசரம். ராமில் இடம் தேவைப்படும்போது விண்டோஸ் இரண்டு வகைப் பக்கங்களை வெளியேற்றும். நிரல் தானே உருவாக்கிய தரவு ஒரு வகை. அதற்கு டிஸ்க்கில் வேறு வீடு இல்லாததால் பேஜ்ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். நிரலின் கட்டளைகள் இன்னொரு வகை; ஃபோட்டோஷாப்பின் இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகளிலிருந்து வந்தவை. இவற்றை எங்கும் எழுத வேண்டியதில்லை. ராமிலிருந்து அப்படியே தள்ளிவிட்டு, தேவைப்படும்போது அதே டிஎல்எல் கோப்பிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். அந்தப் படிப்பும் ஹார்ட் ஃபால்ட் கணக்கில்தான் ஏறும். ஆனால் பேஜ்ஃபைல் எங்கிருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே டிஸ்க் பகுதிக்குப் போய், எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது, ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தோம். மேலே நின்றவை மூன்று. டி-யில் இருந்த பேஜ்ஃபைல். சி-யில் இருந்த, ஃபோட்டோஷாப் தன் தரவைத் தற்காலிகமாக எழுதிவைக்கும் டெம்ப் கோப்பு. இவற்றோடு சி-யிலிருந்தே திரும்பத் திரும்பப் படிக்கப்பட்ட ஃபோட்டோஷாப், குரோம், விண்டோஸ் டிஎல்எல்கள். பதில் நேரம் 200, 300 மில்லி விநாடி என்று காட்டியது. நல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு 15-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் அது.

மூன்று எழுத்து, ஒரே கை

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து தம்பிக்குக் காட்டினேன். "டிஸ்க் 0" என்று ஒரே ஒரு பட்டை. அதற்குள் சி, டி, இ மூன்றும் வரிசையாக. அவர் அதுவரை மூன்றையும் மூன்று தனித்தனிப் பெட்டிகள் என்றே நினைத்திருந்தார். பேஜ்ஃபைலை மாற்றிய ஆளும் அப்படி நினைத்துத்தான் மாற்றியிருப்பார்.

ஹார்ட் டிஸ்க்கினுள் சுழலும் தட்டுகளின் மேல் எல்லாத் தலைகளையும் ஒரே கை சுமந்து செல்கிறது. சி தட்டின் வெளிவிளிம்பில், டி நடுவில், இ உள்ளே. 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லி விநாடி. அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். மேசைக்கணினி டிஸ்க்குகளில் அதற்குச் சராசரி 8, 9 மில்லி விநாடி. இரண்டும் சேர்ந்து ஒரு தாவலுக்கு 13. விநாடிக்கு 75, 80 தாவல்தான் அதன் மொத்தத் திறன்.

ஒரு நினைவகப் பக்கம் 4 கேபி. 200 எம்பி தரவைத் தனித்தனி 4 கேபி துண்டாகப் படிக்க நேர்ந்தால் 51,200 தாவல். 13 மில்லி விநாடி வீதம் பதினோரு நிமிடம். நடைமுறையில் விண்டோஸ் அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும், டிஸ்க்கும் கோரிக்கைகளைத் தன் வசதிக்கு வரிசை மாற்றிக்கொள்ளும்; எனவே அவ்வளவு மோசமாகாது. ஆனாலும் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரக்கூடிய அதே டிஸ்க், தாவித் தாவிப் படிக்கும்போது விநாடிக்கு அரை எம்பிகூடத் தராமல் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது இந்தக் கடைக் கணினிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தம்பி ஒரு லேயரை நகர்த்துகிறார். ஃபோட்டோஷாப்பின் கட்டளைகள் சி-யிலிருந்து வர வேண்டும். லேயரின் தரவில் பாதி டி-யில் உள்ள பேஜ்ஃபைலில். இன்னொரு பாதி மறுபடி சி-யில், ஃபோட்டோஷாப் டெம்ப் கோப்பில். இதற்கிடையில் இ-யிலிருந்து அடுத்த படத்தைத் திறந்துகொண்டிருப்பார். ஒரே கை சி-க்கும் டி-க்கும் இ-க்கும் இடையே ஓடுகிறது. பேஜ்ஃபைல் சி-யிலேயே இருந்திருந்தால் கை சி-க்கும் டி-க்கும் நடுவே பறக்க வேண்டிய தூரமாவது மிச்சப்பட்டிருக்கும். மாற்றியவர் தூரத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வெறும் கட்டுக்கதை இல்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஸ்வாப் கோப்பு, அதாவது அன்றைய பேஜ்ஃபைல், தேவைக்கேற்பப் பெருத்துச் சிறுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில் காலி இடம் எங்கெங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் துண்டு துண்டாகப் பரவும். தனிப் பார்ட்டிஷன் கொடுத்தால் துண்டாகாமல் ஒரே இடத்தில் இருக்கும் என்பது அன்றைக்குச் சரியான யோசனை. குறைந்த அளவும் அதிக அளவும் ஒன்றாக இருக்கும்படி நிலையான அளவு கொடுத்தாலே, அதுவும் டிஸ்க் காலியாக இருக்கும்போதே கொடுத்தால், அதே பலன் சி-யிலேயே கிடைக்கும். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வெளிவிளிம்பில் வைத்தால் வேகம் என்றும் சிலர் சொல்வார்கள். வெளித்தடங்களில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு கடக்கும் என்பது உண்மைதான். உட்தடங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அது பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது கிடைக்கும் லாபம். 4 கேபிக்காக 13 மில்லி விநாடி நடந்துவந்த பிறகு அந்த 4 கேபியை எவ்வளவு வேகமாகப் படிக்கிறோம் என்பது கணக்கிலேயே வராது.

மெய்நிகர் நினைவகத்தை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1962-இல் இயங்கத் தொடங்கியது. டாம் கில்பர்னின் குழு 16 ஆயிரம் சொல் கொண்ட மைய நினைவகத்தையும் 96 ஆயிரம் சொல் கொண்ட காந்த டிரம்மையும் ஒரே நினைவகமாகத் தெரியும்படி இணைத்தது. பக்கங்களை மாற்றிக்கொள்ள அவர்கள் வைத்த டிரம்மில் தலைகள் தடத்துக்குத் தடம் நிலையாகப் பொருத்தப்பட்டவை. கை நகர வேண்டிய வேலையே இல்லை. சுழற்சிக்கு மட்டும் காத்திருந்தால் போதும். பேஜிங் என்ற வேலைக்கு எது எதிரி என்பது தொடக்கத்திலேயே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இரண்டு பேர் ஒரே மூட்டையைச் சுமந்தது

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பேஜ்ஃபைல் இருந்த இடம்கூட இல்லை, ஃபோட்டோஷாப்பின் ஒரு அமைப்பு. எடிட், பிரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் ராமில் எத்தனை சதவீதத்தை ஃபோட்டோஷாப் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நகர்த்தி இருக்கும். வழக்கமாக 70 சதவீதத்தில் நிற்கும். இங்கே அது 95-இல் நின்றது.

ஃபோட்டோஷாப் தன் தரவைத் தானே நிர்வகிக்கும் நிரல். தனக்கு ஒதுக்கிய ராம் தீர்ந்ததும் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்ற தன் சொந்த டெம்ப் கோப்பில் எழுதிவைக்கும். அதாவது அது விண்டோஸுக்குள் இயங்கும் இரண்டாவது மெய்நிகர் நினைவகம். 95 சதவீதம் தனக்குத்தான் என்று அது நம்பி நிரப்பும்போது, குரோமுக்கும் கோரல்டிராவுக்கும் இடமில்லாமல் விண்டோஸ் திணறி, ஃபோட்டோஷாப் ராமில் இருப்பதாக நம்பிய தரவையே பேஜ்ஃபைலுக்குத் தள்ளிவிடும். ஃபோட்டோஷாப்புக்கு அது தெரியாது. பிறகு அதே தரவை ஸ்க்ராட்ச் கோப்பில் எழுதலாம் என்று ஃபோட்டோஷாப் முடிவு செய்தால், விண்டோஸ் முதலில் பேஜ்ஃபைலிலிருந்து அதை ராமுக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் ஃபோட்டோஷாப் அதை ஸ்க்ராட்ச்சில் எழுத வேண்டும். டி-யிலிருந்து படித்து சி-யில் எழுது. ஒரே கை. ஒரு தரவுக்கு இரண்டு வேலை, அதுவும் வீண் வேலை.

பேஜ்ஃபைல் இருக்கும் டிரைவில் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை வைக்க வேண்டாம் என்று அடோபி சொல்வது இதனால்தான். தனி டிரைவ் என்று அவர்கள் சொல்வது தனிக் கருவியை.

நகர்த்தியை 65-க்கு இறக்கினோம். செலவில்லாத மாற்றம், அன்று பிற்பகலே வித்தியாசம் தெரிந்தது. முழுக் குணமில்லை. ஆனால் டீக்கடைக்குப் போகும் நேரம் இல்லாமல் போனது.

கோப்பை நகர்த்திப் பார்த்தது

பிறகு இடமாற்றம். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அங்கே மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரியில் சேஞ்ச். ஒவ்வொரு மாற்றத்துக்கும் "செட்" பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது. அதை அழுத்தாமல் ஓகே கொடுத்துவிட்டு, மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். மறுதொடக்கமும் வேண்டும்.

முதலில் டி-யிலிருந்து சி-க்கே திருப்பினோம், நிலையான அளவோடு. முன்னேற்றம் உண்டு, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கை ஓடும் தூரம் குறைந்தது, ஓட்டத்தின் எண்ணிக்கை குறையவில்லை.

அடுத்து, கடையில் ஓரமாகக் கிடந்த 160 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, பேஜ்ஃபைலின் பெரும்பகுதியை அதற்கு மாற்றினோம். சி-யில் சிறிய கோப்பு ஒன்றை விட்டுவைத்தோம். மைக்ரோசாஃப்ட்டின் பழைய வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: தனி டிஸ்க்கில் ஒன்று, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் சிறியதாக ஒன்று. இரண்டு இருந்தால் வேலைப்பளு குறைந்த டிஸ்க்கில் உள்ளதை விண்டோஸ் அதிகம் பயன்படுத்தும். இப்போது கைகள் இரண்டு. பேஜ்ஃபைலின் பதில் நேரம் 30 மில்லி விநாடியை ஒட்டி இறங்கியது. ஒரு டிஸ்க் படிக்கும்போதே இன்னொன்று எழுதியது.

பழைய டிஸ்க் என்பதால் முதலிலேயே அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் பார்த்து, கெட்ட செக்டர் இல்லை என்று உறுதி செய்த பிறகே இணைத்தோம். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் படம் வைத்தால் ஒரு படம் போகும். பேஜ்ஃபைலை வைத்தால் கணினியே விழும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் தரவு பேஜ்ஃபைலிலிருந்து படிக்க முடியாமல் போனால் வருவதுதான் "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" என்ற நீலத்திரை.

நீலத்திரை என்றதும் இன்னொன்று. இந்தக் கணினி அதற்கு முன் சில முறை நீலத்திரை காட்டி விழுந்திருக்கிறது, ஆனால் காரணத்தைப் பார்க்க ஒரு டம்ப் கோப்புகூட, அதாவது விழுந்த நேரத்து நினைவகத்தின் பதிவுகூட, இல்லை. சி-யில் பேஜ்ஃபைல் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கணினி விழும் நேரத்தில் நினைவகத்தை விண்டோஸ் முதலில் கொட்டுவது பேஜ்ஃபைலில்தான். சி-யில் "நோ பேஜிங் ஃபைல்" கொடுக்கும்போதே, கோளாறு நேர்ந்தால் அதன் விவரம் பதிவாகாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அதைப் படிக்காமல் "யெஸ்" கொடுத்துவிடுகிறோம்.

தனி டிஸ்க் வந்த பிறகும் தீராத ஒன்று மிஞ்சியது: சி-யிலிருந்து டிஎல்எல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பது. முன்பே சொன்னபடி அது பேஜ்ஃபைல் வழியாக வருவதே இல்லை. ஃபோட்டோஷாப்பிலிருந்து குரோமுக்கு மாறினால் விண்டோ வெள்ளையாக நின்று மெதுவாக வந்தது. பேஜ்ஃபைலை எங்கே நகர்த்தினாலும் இது சரியாகப் போவதில்லை.

எஸ்.எஸ்.டி வந்த நாள்

240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி வாங்கி, சி முழுவதையும் அதற்கு நகலெடுத்தோம். விண்டோஸ், நிரல்கள், பேஜ்ஃபைல், ஸ்க்ராட்ச் எல்லாம் அதிலேயே. படங்கள் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில்.

"பேஜ்ஃபைலும் ஸ்க்ராட்ச்சும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேண்ணே?" என்று தம்பி சரியாகவே கேட்டார். கூடாது என்பதற்குக் காரணம் கை. எஸ்.எஸ்.டி-யில் கை இல்லை. ஒரு சிறு படிப்புக்கு 0.1 மில்லி விநாடி. அது எந்த மூலையில் இருந்தாலும் அதே நேரம்தான். முன்பு போட்ட கணக்கையே போட்டால், 51,200 துண்டு படிக்கப் பதினோரு நிமிடத்துக்குப் பதில் ஐந்து விநாடி. இரண்டு எஸ்.எஸ்.டி இருந்தால் பிரித்து வைக்கலாம், கெடுதல் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது என்றால், பேஜ்ஃபைலை அதிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குத் துரத்துவது தவறு என்பது என் முடிவு.

இதைச் சொல்லக் காரணம், எஸ்.எஸ்.டி போட்டதுமே "தேய்ந்துவிடும், பேஜ்ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்" என்று கடைக்காரர்களே சொல்லி அனுப்புவதுதான். 2009-இல் விண்டோஸ் 7-ஐ உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் குழு இதற்குத் தரவோடு பதில் சொல்லியிருக்கிறது. பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய பதிவுகளில், பேஜ்ஃபைலில் ஒருமுறை எழுதினால் ஏறக்குறைய 40 முறை படிப்பு. படிப்புகளில் 67 சதவீதம் 4 கேபி அல்லது அதற்கும் குறைவு. 88 சதவீதம் 16 கேபிக்குக் குறைவு. எழுதுவதோ பெரிய துண்டுகளாக. 62 சதவீதம் 128 கேபி அல்லது அதற்கு மேல். சிறுசிறு படிப்பு, பெரிய தொடர் எழுத்து. எஸ்.எஸ்.டி எதில் கெட்டிக்காரனோ அந்த இரண்டும்தான் பேஜ்ஃபைலின் வேலை. எஸ்.எஸ்.டி-யில் வைக்க இதைவிடப் பொருத்தமான கோப்பு அதிகமில்லை என்பதே அவர்களுடைய பதிலும்.

தேய்மானக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மலிவான வகையில் பரவலாக விற்ற கிங்ஸ்டன் ஏ400-இன் 240 ஜிபி வடிவத்துக்கு நிறுவனம் கொடுத்த எழுதும் வரம்பு 80 டிபி. பேஜ்ஃபைலும் ஸ்க்ராட்ச்சும் மற்றவையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால், ஞாயிறு விடாமல் ஓடினாலும் வருடத்துக்கு 7.3 டிபி. பத்து வருடம் தாண்டும். இந்த எழுத்தில் பெரும்பங்கு ஸ்க்ராட்ச்சினுடையது, பேஜ்ஃபைலுடையது இல்லை. கவலைப்படுபவர்கள் ஸ்க்ராட்ச்சை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பலாம். அது பெரிய துண்டுகளாகப் படித்து எழுதுவதால் ஹார்ட் டிஸ்க்கிலும் ஓரளவு தாங்கும். பேஜ்ஃபைல் தாங்காது.

எஸ்.எஸ்.டி-க்குப் பிறகு டிஎல்எல் பிரச்சினையும் சேர்ந்தே போனது. முழு சி-யும் போனதால் கிடைத்த பலன் அது; பேஜ்ஃபைலை மட்டும் எஸ்.எஸ்.டி-யில் வைத்து விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ராம், அதற்குப் பிறகும் பேஜ்ஃபைல்

எஸ்.எஸ்.டி எவ்வளவு வேகமானாலும் ராமுக்கு அருகில் வராது. ராமை எட்ட 100 நானோ விநாடி, சாட்டா எஸ்.எஸ்.டி-க்கு அதைப் போல ஆயிரம் மடங்கு. ஹார்ட் டிஸ்க்கின் 13 மில்லி விநாடி ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு. பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை எழுதிவிட்டார்: ஒரு நிரல் ஒரு நேரத்தில் உண்மையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்கள் ராமில் அடங்காவிட்டால், கணினி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கம் மாற்றுவதையே வேலையாகச் செய்யும். இந்தக் கணினி பிற்பகலில் செய்துகொண்டிருந்தது அதைத்தான். காலையில் திறந்தவை கொஞ்சம், பிற்பகலில் எல்லாம் திறந்திருக்கும்.

காலி ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்3 சேர்த்து 12 ஜிபி ஆக்கினோம். ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பட்டியலில் பேஜ்ஃபைல் என்ற பெயரே அபூர்வமாகத்தான் எட்டிப் பார்த்தது. பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் மட்டும் பேஜ்ஃபைலில் சில நூறு எம்பி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டும். அது கவலைப்பட வேண்டிய எண் இல்லை. காலையில் ஒருமுறை தொட்டு, பிறகு யாரும் கேட்காத பக்கங்கள் அங்கே கிடக்கின்றன. கிடப்பதால் கணினி மெதுவாகாது, அடிக்கடி படிக்க நேர்ந்தால்தான் மெதுவாகும். பார்க்க வேண்டிய எண் "பேஜஸ் இன்புட்", விநாடிக்கு எத்தனை பக்கம் உள்ளே வருகிறது என்பது.

"அப்ப பேஜ்ஃபைலே வேணாம்னு எடுத்துரலாமா?" இதுவும் எல்லாரும் கேட்பது. எடுக்கவில்லை. விண்டோஸ் நிரல்களுக்கு நினைவகம் தருவதாக வாக்குக் கொடுக்கும்போது ஒரு வரம்புக்குள் கொடுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் "கமிட்டட்" என்று சாய்கோட்டுடன் இரண்டு எண் தெரியுமே, அதில் இரண்டாவது. ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. குரோம் போன்ற நிரல்கள் தொடப்போவதைவிட அதிகம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். பேஜ்ஃபைல் இல்லாவிட்டால் அந்த வாக்குக்கெல்லாம் ராமையே ஈடாகக் காட்ட வேண்டும். ராம் பாதி காலியாக இருக்கும்போதே "நினைவகம் போதவில்லை" என்று ஃபோட்டோஷாப் மூடிக்கொள்ளும், சேமிக்காத ஆல்பத்தோடு.

ராமைப் போல ஒன்றரை மடங்கு என்ற சூத்திரத்தையும் விட்டுவிட்டோம். ராம் அதிகமானால் பேஜ்ஃபைல் குறைவாகத்தான் தேவைப்படும். அந்தச் சூத்திரம் நேர்மாறாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் திறந்துவைத்து, இருப்பதிலேயே கனமான ஆல்பத்தையும் ஏற்றி, கமிட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். 12 ஜிபியைக் கொஞ்சம் தாண்டியது. எஸ்.எஸ்.டி-யில் 4,096 எம்பியில் தொடங்கி 8,192 வரை வளரலாம் என்று வைத்தோம். எஸ்.எஸ்.டி-யில் துண்டாவதால் பெரிய நட்டமில்லை என்பதால் நிலையான அளவு கட்டாயமில்லை. விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாலும் இந்தக் கணினிக்குப் போதும், எஸ்.எஸ்.டி-யில் இடம் குறைவு என்பதால்தான் உச்சவரம்பு கொடுத்தோம். 160 ஜிபி டிஸ்க்கைக் கழற்றிவிட்டோம்.

ஃபோட்டோஷாப்பின் நகர்த்தி இப்போது 70-இல். கடையின் மற்ற இரண்டு கணினிகளிலும் பேஜ்ஃபைல் டி-யில்தான் இருந்தது. ஒரே ஆள் செய்ததாக இருக்கும். அவற்றில் எஸ்.எஸ்.டி போடும்வரை பேஜ்ஃபைலை சி-க்குத் திருப்பி, நிலையான அளவு கொடுத்து வைத்திருக்கிறோம். முகூர்த்த சீசன் முடிந்ததும் மூன்றிலும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, ரிசோர்ஸ் எக்ஸாஷன் டிடெக்டர் எழுதும் 2004-ஆம் எண் நிகழ்வு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மெய்நிகர் நினைவகம் தீரும் தறுவாய்க்கு வந்தபோதெல்லாம் அது பதிவாகும். அதிகம் விழுங்கிய நிரல்கள் எவை என்று பெயரோடும் அளவோடும் இருக்கும்.